கருப்பை வாய்ச் சோதனையும் பால்வினைத் தொற்றுச் சோதனையும்: எதை, எப்போது செய்துகொள்வது?

தனியார் ஆய்வகங்கள் விற்கும் பெண்கள் நலப் பரிசோதனைத் தொகுப்புகளில் பாப் ஸ்மியர் என்று ஒரு வரி இருக்கும். அதைச் செய்துகொண்டால் பிறப்புறுப்பு சார்ந்த எல்லா நோய்களும் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நன்கு படித்தவர்களிலும் உண்டு. கருப்பை வாயின் மேற்பரப்பிலிருந்து சுரண்டி எடுத்த செல்களில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருக்கிறதா என்பதையே அந்தச் சோதனை பார்க்கிறது. சிபிலிஸ், கிளமிடியா, எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ் பி ஆகிய எதையும் அது தேடுவதில்லை. எப்போதாவது டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியோ பூஞ்சையோ தற்செயலாகக் கண்ணில் பட்டால் அறிக்கையில் குறிப்பிடுவார்கள், அவ்வளவுதான். இதன் மறுபக்கமாக, பால்வினைத் தொற்றுகளுக்கான இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நெகட்டிவ் என்று வந்த நிம்மதியில் கருப்பை வாய்ச் சோதனையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் வகைச் சோதனைக்கான காலத்தை ஆண்டுகளில் கணக்கிட வேண்டும். இரண்டாம் வகைக்கு நாட்களிலும் வாரங்களிலும் கணக்கிட வேண்டும். எந்தச் சோதனை நல்லது என்ற கேள்விக்கு இந்தக் காலக்கணக்கை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது.

கருப்பை வாய்ப் புற்றுநோய்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எச்.பி.வி. என்ற வைரசின் ஆபத்தான வகைகளே காரணம். ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசன் 1983-இல் இந்தப் புற்றுக்கட்டிகளில் 16-ஆம் வகை எச்.பி.வி.யை அடையாளம் கண்டார். அந்த ஆய்வுகளுக்காக 2008-இல் நோபல் பரிசு பெற்றார். 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதப் புற்றுகளுக்குப் பொறுப்பானவை. இந்த வைரஸ் உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலோரை ஏதேனும் ஒரு காலத்தில் தொற்றுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்புச் சக்தியே அதை அடக்கிவிடுகிறது. அடங்காமல் நிலைத்துவிட்ட சிலருக்கு மட்டும் செல்கள் படிப்படியாக மாறிப் புற்றாவதற்கு வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்று இருந்தால் அது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பொதுவான பெண்களுக்கு 30 வயதிலும், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலும் சோதனையைத் தொடங்கச் சொல்வது இந்தக் கணக்கை ஒட்டித்தான். இருபதுகளின் தொடக்கத்தில் எச்.பி.வி. சோதனை செய்தால் தானாகவே மறையப்போகும் தொற்றுகள்தான் பெரும்பாலும் அகப்படும். பயமும் தேவையற்ற சிகிச்சையுமே அதனால் மிஞ்சும். இந்தியாவில் 2022-இல் ஏறத்தாழ 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று உலகப் புற்றுநோய் மதிப்பீடுகள் கூறுகின்றன. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் ஒரு நோயில் இத்தனை இறப்புகள் நேர்வது, சோதனை பலரை எட்டவில்லை என்பதையே காட்டுகிறது.

மூன்று கருப்பை வாய்ச் சோதனைகள்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பெரும்பாலான பெண்கள் சந்திக்கும் சோதனை வி.ஐ.ஏ. எனப்படுவது. கருப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, ஏறத்தாழ ஒரு நிமிடம் காத்திருந்து, வெறும் கண்ணால் பார்ப்பார்கள். மாற்றம் அடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும். ஆய்வகம், நுண்ணோக்கி, மின்சாரம் எதுவும் வேண்டியதில்லை. முடிவு அங்கேயே, அப்போதே கிடைக்கும். வசதி இருக்கும் இடங்களில் அதே நாளில் சிகிச்சையும் தர முடியும். 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட செயல்முறை வழிகாட்டுதல் 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை இதையே பரிந்துரைத்தது. இதன் பலவீனம், பார்க்கும் கண்ணைப் பொறுத்தே முடிவு அமைகிறது என்பது. சாதாரண அழற்சியையும் வெண்மை என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு, உண்மையான மாற்றத்தைத் தவறவிடுகிறவர்களும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு, மாற்றம் தோன்றும் பகுதி கருப்பை வாய்க் குழாய்க்குள் பின்வாங்கிவிடுவதால், அந்த வயதுப் பெண்களுக்கு இந்தச் சோதனையின் நம்பகத்தன்மை வெகுவாகக் குறைகிறது. வழிகாட்டுதல் 65 வயது வரை என்று சொன்னாலும், ஐம்பதைக் கடந்த பெண்ணுக்கு வேறு சோதனை கிடைக்குமானால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

பாப் ஸ்மியர், மேற்கு நாடுகளில் பல பத்தாண்டுகளாகப் புற்றுநோய் இறப்புகளைக் கண்கூடாகக் குறைத்த சோதனை. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. இயல்பான பெண்ணைத் தவறாகச் சந்தேகிப்பது இதில் குறைவு. ஆனால் ஒருமுறை செய்யும்போது முற்றிய முன்மாற்றங்களில் (புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களில்) பாதியையோ அதற்குச் சற்று மேலாகவோ மட்டுமே அது பிடிக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் திரும்பத் திரும்பச் செய்யும்போது விடுபட்டவை அடுத்த சுற்றில் அகப்படும். மேற்கு நாடுகளில் அது வென்ற இரகசியம் அந்த ஒழுங்குதான். வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ மட்டுமே சோதனைக்கு வரும் பெண்ணுக்கு அந்தப் பலன் கிடைக்காது. தவிர, ஸ்லைடைப் படிக்கத் தேர்ந்த நோய்க்குறியியல் வல்லுநர் வேண்டும். முடிவு வர நாட்கள் ஆகும். முடிவு வந்ததும் அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்து வர வேண்டும். இலங்கையில் 1996 முதல் சுகாதாரத் துறையின் மகளிர் நல நிலையங்களில் 35 வயதுப் பெண்களுக்குப் பாப் சோதனை செய்யப்பட்டு வந்திருக்கிறது. குறிப்பிட்ட வயதை முன்னிறுத்தி அழைக்கும் ஒழுங்கு அங்கே இருந்தது; இந்தியாவில் யார் எப்போது வரவேண்டும் என்று அழைக்கும் ஏற்பாடு அந்த அளவுக்கு வளரவில்லை.

எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை செல்லின் தோற்றத்தைப் பார்க்காமல், மாற்றத்தை உண்டாக்கும் வைரசின் மரபணுவையே தேடுகிறது. முற்றிய முன்மாற்றம் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலாக இதில் அகப்படுகிறார்கள். நெகட்டிவ் என்றால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் கவலையின்றி இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 10 ஆண்டுகள் என்ற இடைவெளியை ஏற்கிறது, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 3 முதல் 5 ஆண்டுகள். மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொள்ளலாம் என்பது இதன் மற்றொரு பெரிய வசதி. மென்மையான ஒரு தூரிகையைப் பிறப்புறுப்பினுள் செலுத்திச் சுழற்றி எடுத்துக் குழாயில் போட்டால் போதும். முன்பின் தெரியாத ஒருவர் முன் மேசையில் படுத்துக் கால்களை விரித்துக் காட்ட வேண்டுமே என்ற கூச்சத்தாலேயே சோதனையைத் தவிர்க்கும் பெண்கள் நம் ஊரில் எவ்வளவு பேர் என்பதை நினைத்தால் இதன் மதிப்பு புரியும். பாப் ஸ்மியரில் இப்படிச் செய்ய இயலாது, ஏனென்றால் அதற்குக் கருப்பை வாயின் செல்களே வேண்டும். குறை என்னவென்றால், தனியாரிடம் இதற்கான கட்டணம் பாப் ஸ்மியரை விடக் கூடுதல். பாசிட்டிவ் என்று வந்தால் அது புற்றும் இல்லை, முன்மாற்றமும் இல்லை, வைரஸ் இருக்கிறது என்பது மட்டுமே. அடுத்த கட்டச் சோதனை இல்லாமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

இவற்றை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமானவை இந்தியாவிலேயே நடந்தவை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம், ஒரே ஒருமுறை வி.ஐ.ஏ. செய்து பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2007-இல் வெளிவந்தது. சோதனை பெற்ற குழுவில் இந்தப் புற்றால் ஏற்பட்ட இறப்புகள் 35 சதவீதம் குறைந்தன. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1.31 லட்சம் பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. அங்கே ஒருமுறை எச்.பி.வி. சோதனை செய்த குழுவில் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பாப் குழுவிலும் வி.ஐ.ஏ. குழுவிலும் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. நெகட்டிவ் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், எச்.பி.வி. குழுவில் பின்னர் நோய் வந்தவர்களின் விகிதம் மற்ற இரண்டு குழுக்களில் இருந்ததில் கால் பங்கு அளவே. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. செய்தபோது இறப்புகள் 31 சதவீதம் குறைந்ததாக 2014-இல் அறிவிக்கப்பட்டது. (இந்த ஆய்வுகளில் ஒப்பீட்டுக்காக ஒரு குழுவினருக்குச் சோதனையே செய்யாமல் விட்டது நெறிமுறைக் கண்டனத்துக்கு உள்ளானது, அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம்.) வி.ஐ.ஏ. என்ற ஒரே சோதனை திண்டுக்கல்லில் பலன் தந்து உஸ்மானாபாத்தில் தராமல் போனது, அந்தச் சோதனையின் பலமும் பலவீனமும் அதைச் செய்யும் கைகளிலும் அதன்பின் கிடைக்கும் சிகிச்சையிலும்தான் இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஆகவே என் பரிந்துரை இது. முப்பது வயதைக் கடந்த, செலவழிக்க முடிந்த பெண் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையைத் தேர்ந்தெடுக்கட்டும், பாப் ஸ்மியரும் சேர்த்துச் செய்யலாம் என்று சொல்லும் தொகுப்புக்குக் கூடுதலாகப் பணம் கட்டுவதால் கிடைக்கும் பலன் சிறிதே. செலவு செய்ய இயலாதவர், அரசு நிலையத்தில் வி.ஐ.ஏ. கிடைக்குமானால் சிறந்த சோதனைக்காகக் காத்திராமல் இன்றே அதைச் செய்துகொள்ளட்டும். செய்யாமல் விட்ட சிறந்த சோதனையைக் காட்டிலும் செய்துகொண்ட சாதாரணச் சோதனை மேலானது. நல்ல ஆய்வகமும், மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் ஒழுங்கும் உள்ளவருக்குப் பாப் ஸ்மியர் இன்றும் போதுமானதே. அதற்குச் செல்பவர் மாதவிடாய் நாட்களைத் தவிர்க்க வேண்டும். முந்தைய இரண்டு நாட்கள் உடலுறவும், பிறப்புறுப்பில் வைக்கும் மருந்துகளும் கூடாது. எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் உரிய வயதில் சோதனைக்கு வரத்தான் வேண்டும், ஏனென்றால் தடுப்பூசி எல்லா ஆபத்தான வகைகளையும் தடுப்பதில்லை.

இவை அனைத்தும் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்குச் சொன்னவை. உடலுறவுக்குப் பின் இரத்தம் கசிதல், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் மேற்சொன்ன ஒப்பீடு பொருந்தாது. அவருக்கு வேண்டியது மருத்துவர் நேரில் கருப்பை வாயைப் பார்ப்பது; கட்டியோ புண்ணோ தெரிந்தால், போன மாதம் எடுத்த பாப் ஸ்மியர் நெகட்டிவாக இருந்தாலும், சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

தொற்று எப்போது தெரியும்?

பாதுகாப்பற்ற உடலுறவுக்கு மறுநாள் ஆய்வகத்துக்கு ஓடி, எல்லாம் நெகட்டிவ் என்ற தாளுடன் திரும்புவது பலர் செய்வது. அந்தத் தாள் நேற்றைய நிகழ்வைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு முன்பிருந்த நிலையை மட்டுமே சொல்லும். தொற்று உடலுக்குள் நுழைந்ததற்கும் சோதனையில் தெரிவதற்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியைச் சாளரக் காலம் என்பார்கள். அது நோய்க்கு நோய் மாறும். ஒரே நோய்க்குள்ளும் சோதனை வகைக்கேற்ப மாறும்.

எச்.ஐ.வி.யை எடுத்துக்கொண்டால், வைரசின் மரபணுவை நேரடியாகத் தேடும் சோதனை 10 முதல் 33 நாட்களில் காட்டக்கூடும். ஆன்டிஜென் (வைரசின் புரதம்), ஆன்டிபாடி (அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் நான்காம் தலைமுறைச் சோதனை, நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் 18 முதல் 45 நாட்களில் காட்டும். ஆன்டிபாடியை மட்டும் தேடும் விரைவுச் சோதனைக்கு 23 முதல் 90 நாட்கள் ஆகலாம். ஆய்வகத்தில் எந்தச் சோதனை செய்தார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், ஆறு வாரம் போதுமா மூன்று மாதம் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை காண முடியாது. தமிழ்நாட்டில் அரசு நம்பிக்கை மையங்களில் இலவசமாகவும் இரகசியம் காத்தும் சோதனை செய்கிறார்கள். அங்கு விரைவுச் சோதனையே வழக்கம் என்பதால் மூன்று மாதம் கழித்து ஒருமுறை உறுதிசெய்துகொள்வதே சரி. ஆனால் ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஆபத்து நேர்ந்து 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் சாப்பிட்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க வாய்ப்பு மிக அதிகம். சாளரக் காலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு இந்த மூன்று நாட்களை வீணாக்குவது மீட்க முடியாத இழப்பு. 1097 என்ற இலவச உதவி எண்ணில் எங்கே செல்ல வேண்டும் என்று கேட்கலாம்.

சிபிலிஸ் இதைவிட மந்தமானது. வலியில்லாத முதல் புண் 10 நாட்களிலும் தோன்றலாம், 90 நாட்களிலும் தோன்றலாம். சராசரி மூன்று வாரம். பெண்ணுக்கு அது கருப்பை வாயிலோ பிறப்புறுப்பின் உட்சுவரிலோ வந்தால் அவளுக்கே தெரியாமல் ஆறிவிடும், நோய் மட்டும் உள்ளே தொடரும். வி.டி.ஆர்.எல். முதலிய இரத்தப் பரிசோதனைகள் புண் தோன்றி ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குப் பிறகே பாசிட்டிவாகின்றன. எனவே ஆறு வாரத்தில் ஒன்று, பன்னிரண்டு வாரத்தில் ஒன்று எனச் செய்வதே பொருத்தம். கர்ப்ப காலத்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெப்படைடிஸ் பி மூன்றையும் சோதிப்பது இங்கே வழக்கம் என்பதால், குழந்தை பெற்ற பலர் தாங்கள் ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருப்பதை அறியாமலே இருக்கிறார்கள். அந்த முடிவு அந்த நாளுக்கு உரியது மட்டுமே.

கிளமிடியாவும் கொனோரியாவும் வேறு வகை. இவை மரபணுச் சோதனையில் இரண்டு வாரங்களில் நம்பகமாகத் தெரிந்துவிடும். பெண்களுக்குச் சிறுநீரை விடப் பிறப்புறுப்பிலிருந்து எடுத்த மாதிரியே சிறந்தது. அதையும் தாமே எடுத்துக்கொள்ளலாம். கிளமிடியா உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆண்டுக்கணக்கில் விட்டால் கருக்குழாய் அடைபட்டுக் குழந்தையின்மை வரை போகக்கூடும். நம் அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ச் சிகிச்சை பெரும்பாலும் அறிகுறி அடிப்படையிலானது: வெள்ளைப்படுதலுக்கு ஒரு நிறப் பொட்டலம், புண்ணுக்கு வேறு நிறப் பொட்டலம் என மருந்து தரப்படும். உடனே சிகிச்சை கிடைக்கிறது என்பதில் அது பாராட்டத்தக்க முறை. ஆனால் அறிகுறியே இல்லாத தொற்றை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? இந்த இரண்டு நோய்களுக்கு மட்டும் தனியார் ஆய்வகத்துக்குச் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஹெப்படைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென் சராசரியாக நான்கு வாரத்தில் தெரியும், சிலருக்கு ஒன்பது பத்து வாரம் வரை ஆகலாம். தடுப்பூசி போடாதவர் சோதனையோடு ஊசியையும் தொடங்கிவிடலாம். ஹெப்படைடிஸ் சி வைரசின் மரபணு ஓரிரு வாரங்களிலும், ஆன்டிபாடி எட்டு முதல் பதினொரு வாரங்களிலும் தெரியும். ஹெர்பிஸுக்குப் புண் இருக்கும்போது அதிலிருந்தே மாதிரி எடுப்பதுதான் முறை. புண் இல்லாதபோது செய்யும் இரத்தப் பரிசோதனை குழப்பத்தைத்தான் தரும், தொகுப்பில் அது இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஆக, அண்மையில் ஆபத்து நேர்ந்த ஒருவருக்கு இரண்டு வழிகள் உண்டு: ஒரே நாளில் பெரிய தொகுப்பு ஒன்றைச் செய்து முடிப்பது, அல்லது இன்று ஒரு தொடக்கச் சோதனை, இரண்டு வாரத்தில் கிளமிடியாவும் கொனோரியாவும், ஆறு வாரத்திலும் பன்னிரண்டு வாரத்திலும் இரத்தப் பரிசோதனைகள் எனப் பிரித்துச் செய்வது. இரண்டாவது அலைச்சல் மிகுந்தது, ஆனால் நம்பத்தக்கது அதுவே. ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால் பன்னிரண்டாம் வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவரை ஆணுறை இன்றி யாரிடமும் உறவு கூடாது, அறிகுறி தோன்றினால் அந்த நாளே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இந்த இரண்டு காலக்கணக்குகளும் தவறாகக் கலந்துவிடும் இடம் ஒன்று உண்டு. முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்ததும், வீட்டில் முதலில் எழும் கேள்வி யாரிடமிருந்து வந்தது என்பதாக இருக்கும். மற்றத் தொற்றுகளைப் போல இதற்குச் சாளரக் காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு ஒரு நாளைச் சுட்ட முடியாது. திருமணமான புதிதில் வந்து, பல ஆண்டுகள் சோதனையில் அகப்படாத அளவு அடங்கிக் கிடந்து, இப்போது தலைதூக்கியிருக்கலாம். கணவரைச் சோதித்து அறியவும் வழியில்லை. ஆண்களுக்கு என ஏற்கப்பட்ட எச்.பி.வி. சோதனை கிடையாது. யாருடைய நடத்தைக்கும் அந்தத் தாள் சான்றாகாது என்பதை முடிவைக் கையில் கொடுக்கும்போதே மருத்துவரோ செவிலியரோ சொல்லிவிட வேண்டும்.

அவர் செய்ய வேண்டியது அடுத்த கட்டச் சோதனை: 16 அல்லது 18-ஆம் வகையா என்று பிரித்துப் பார்ப்பது, வி.ஐ.ஏ. அல்லது பாப், அல்லது கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது. அதில் மாற்றம் எதுவும் தெரியாவிட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 24 மாதம் கழித்து மீண்டும் எச்.பி.வி. சோதனை. முன்மாற்றம் இருந்தால் அந்தப் பகுதியைச் சூடாக்கியோ உறையவைத்தோ அழிப்பார்கள், அல்லது மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பார்கள். சூடாக்குவதும் உறையவைப்பதும் சில நிமிட வேலை, கருப்பையை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. சிகிச்சை முடிந்து 12 மாதம் கழித்து மறுபடி ஒரு சோதனை செய்ய வேண்டும். அந்தத் தேதியை மருத்துவமனைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.